டிரெசாஜ் மதிப்பெண் முதல் தரவரிசை, விருது வரை: கணக்கை நீங்களே போட்டுப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

குதிரையை வரிசையாகச் சில அசைவுகள் செய்யவைத்து, அதற்கு நடுவர்கள் மதிப்பெண் போடும் குதிரையேற்றப் போட்டிதான் டிரெசாஜ். ஒரு சவாரி முடிந்ததும் பலகையில் 71.088 என்பதுபோல ஓர் எண் வரும். மதிப்பெண் மேசையில் புதிதாக உட்காருபவர்களும், பிள்ளைகளைக் குதிரையேற்றத்துக்கு அனுப்பும் பெற்றோரும் அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டே இடம், அணிப் பதக்கம், ஆண்டு விருது, உலகத் தரவரிசை எல்லாவற்றையும் கணக்குப் போடப் பார்க்கிறார்கள். தடுமாற்றம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்த எண் பல தனித்தனிக் கணக்குகளுக்குள் போகிறது. ஓர் இடத்தில் சராசரி எடுக்கிறார்கள், இன்னோர் இடத்தில் கூட்டுகிறார்கள். ஓரிடத்தில் இடைநிலை, அதாவது வரிசையின் நடுவில் நிற்கும் எண்ணை எடுக்கிறார்கள், வேறோர் இடத்தில் ‘எல்லையைத் தாண்டியாயிற்றா இல்லையா’ என்று மட்டும் பார்க்கிறார்கள். எந்தக் கணக்கு என்று தெரிந்துகொண்டுதான் பென்சிலை எடுக்க வேண்டும். கீழே உள்ள வரிசையிலேயே போனால் குழப்பம் வராது.

1. உட்காருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் அந்த டெஸ்ட்டின் தாள். டெஸ்ட் என்பது சவாரியாளர் எந்த இடத்தில் எதைச் செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதிய பாடம். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் மொத்த மதிப்பெண் வேறு, அதனால் தாள் இல்லாமல் சதவீதம் போட முடியாது. போன வருடத் தாளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். டெஸ்ட்களைத் திருத்தும்போது மொத்தமும் மாறும்.

இரண்டாவது, ஒவ்வொரு நடுவரும் கட்டம் கட்டமாகக் கொடுத்த மதிப்பெண். செய்தியில் வரும் இறுதி எண்ணை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது.

மூன்றாவது, அந்தப் போட்டியின் விதி. அணியில் எத்தனை பேர், எத்தனை பேரின் மதிப்பெண் சேரும், தனிநபர் பதக்கம் எந்தச் சுற்றில் முடிவாகும் என்பதெல்லாம் போட்டிக்குப் போட்டி மாறும்.

இவற்றோடு ஒரு கேள்வியையும் தாளின் தலையில் எழுதி வையுங்கள்: இங்கே யாரை வரிசைப்படுத்துகிறார்கள்? ஆளையா, குதிரையையா, இரண்டும் சேர்ந்த ஜோடியையா? கடைசிப் பகுதிகளுக்கு வரும்போது இந்தக் கேள்விதான் உங்களைக் காப்பாற்றும்.

2. ஒரு கட்டம், பத்துக்கு ஒரு மதிப்பெண்

டெஸ்ட்டில் உள்ள ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு கட்டம் உண்டு. நடுவர் அதில் 0 முதல் 10 வரை போடுவார். அரை மதிப்பெண்ணும் உண்டு: 6.5, 7.5. ஒவ்வோர் எண்ணுக்கும் விதியில் பொருள் சொல்லியிருக்கிறது. 10 மிகச் சிறப்பு, 8 நன்று, 7 ஓரளவு நன்று, 6 திருப்தி, 5 ஏதோ போதும், 4 போதாது, 0 என்றால் அந்த அசைவை அவர் செய்யவே இல்லை.

பள்ளி மதிப்பெண்ணுக்குப் பழகிய கண்ணுக்கு 68 சதவீதம் சுமாராகத் தெரியும். இங்கே அப்படியில்லை. முழு டெஸ்ட்டிலும் சராசரியாக ‘திருப்தி’க்கு மேலே, ‘ஓரளவு நன்று’ என்பதை நெருங்கி ஓட்டியவருக்குத்தான் 68 வரும். உயர்ந்த போட்டிகளில் 80ஐத் தாண்டுவது பெரிய விஷயம். ஷார்லட் டூஜார்டினும் வலேக்ரோ என்ற குதிரையும் சேர்ந்த ஜோடி 2014 டிசம்பரில் லண்டனில் மிக உயர்ந்த நிலை டெஸ்ட்டான கிராண்ட் பிரீயில் 87.460, இசைக்கு ஓட்டும் ஃப்ரீஸ்டைலில் 94.300 எடுத்து உலக சாதனை படைத்தது. ஒரே குதிரை, ஒரே ஆள், ஒரே ஊர். ஆனாலும் இரண்டு எண்களுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஏழு சதவீதம். டெஸ்ட் மாறினால் எண்ணை ஒப்பிடவே கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

3. பெருக்கெண்ணை மறக்காமல் கூட்டுதல்

எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே எடை கிடையாது. தாளில் சில கட்டங்களுக்குப் பக்கத்தில் 2 என்று அச்சாகியிருக்கும். அந்த மதிப்பெண்ணை இரண்டால் பெருக்க வேண்டும். நீட்டி நடக்கும் நடை, கேன்டர் என்ற பாய்ச்சல் நடையில் ஒரே இடத்தில் சுழலும் பிரூவெட் போன்றவை பல டெஸ்ட்களில் இப்படி இரட்டை எடை பெறுகின்றன. குதிரை நிதானமாக, உடலைத் தளர்த்தி நடக்கிறதா என்பதை மறைக்க முடியாது, அதனால் பயிற்சியின் உண்மை நிலை அங்கே தெரிந்துவிடும். எடை கூடுதலாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

வரிசை முக்கியம்: முதலில் பெருக்கு, அப்புறம் கூட்டு. புதியவர்கள் எல்லாவற்றையும் ஒருமுறை கூட்டிவிட்டு, இரட்டைக் கட்டங்களைக் கடைசியில் சேர்க்கிறார்கள். அப்போது ஒன்று விட்டுப்போகும், அல்லது ஒன்று இரண்டு முறை ஏறிவிடும். கட்டத்துக்கு எதிரிலேயே பெருக்கிய எண்ணை எழுதி வைத்தால் இந்தத் தவறு வராது.

கூட்டி முடித்ததும் ஒரு சோதனை. எல்லாக் கட்டத்திலும் 10 போட்டிருந்தால் என்ன மொத்தம் வரும் என்று கூட்டிப் பாருங்கள். தாளின் அடியில் அச்சாகியிருக்கும் உச்ச மொத்தமும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏதோ ஒரு பெருக்கெண்ணைக் கவனிக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

4. நடுவர்களின் சதவீதமும் சராசரியும்

பெரிய போட்டிகளில் 20 மீட்டர் அகலமும் 60 மீட்டர் நீளமும் உள்ள மைதானத்தைச் சுற்றி ஐந்து நடுவர்கள் உட்காருவார்கள். ஒலிம்பிக்கில் ஏழு பேர். ஒருவருக்கு எதிர்ப்பக்கம் தெரிவது இன்னொருவருக்குப் பக்கவாட்டில் தெரியும். பின்னங்கால் எவ்வளவு அடியில் வருகிறது என்பது பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு நன்றாகத் தெரியும், குதிரை நேராகப் போகிறதா என்பது எதிரில் இருப்பவருக்கு. அதனால் நடுவர்களுக்குள் இரண்டு மூன்று சதவீத வித்தியாசம் வந்தால் உடனே சந்தேகப்பட வேண்டியதில்லை.

ஒரு நடுவரின் மொத்தத்தை உச்ச மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் அவருடைய சதவீதம். எல்லா நடுவர்களின் சதவீதங்களையும் கூட்டி, நடுவர் எண்ணிக்கையால் வகுத்தால் இறுதி எண்.

உண்மையான ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அணிப் போட்டி, கிராண்ட் பிரீயைவிடக் கீழ்நிலையில் உள்ள பிரீ சென் ஜார்ஜ் டெஸ்ட்டில் நடந்தது. அந்த டெஸ்ட்டின் உச்ச மொத்தம் 340. ஐந்து நடுவர்கள் என்றால் 1,700. இந்தியாவின் அனுஷ் அகர்வாலா எட்ரோ என்ற குதிரையில் எடுத்தது 71.088. பின்னோக்கிப் போட்டால், ஐந்து தாள்களிலும் சேர்த்து 1,208.5 வருகிறது. 1,208.5ஐ 1,700ஆல் வகுத்தால் 0.710882. அதாவது 71.088.

இங்கே இரண்டு தவறுகளை அடிக்கடி பார்க்கிறேன்.

முதலாவது, நடுவில் சுருக்குவது. ஒவ்வொரு நடுவரின் சதவீதத்தையும் 71.1, 70.6 என்று சுருக்கிவிட்டு சராசரி எடுத்தால் மூன்றாவது தசமம் தப்பாகிவிடும். பதக்கமே அந்தத் தசமத்தில் முடிவாகலாம். கடைசி எண்ணை மட்டும் மூன்று தசமத்துக்குச் சுருக்குங்கள்.

இரண்டாவது, மேலே ஒன்றையும் கீழே ஒன்றையும் வெட்டிவிடுவது. டைவிங் போட்டி பார்த்தவர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. டிரெசாஜில் எல்லா நடுவர்களின் எண்ணும் சேரும், யாருடையதையும் நீக்குவதில்லை.

5. கழிவுகள்: புள்ளியா, சதவீதமா?

சவாரியாளர் பாதையை மறந்து தவறான பக்கம் திரும்பினால் மணி அடிக்கும். அதற்குக் கழிவு உண்டு. திரும்பத் திரும்ப நடந்தால் போட்டியிலிருந்தே விலக்குவார்கள். எவ்வளவு கழிவு, எத்தனையாவது தவறில் விலக்கு என்பது டெஸ்ட் தாளிலேயே இருக்கும்.

நீங்கள் பார்க்க வேண்டியது, அந்தக் கழிவு புள்ளியில் சொல்லியிருக்கிறதா, சதவீதத்தில் சொல்லியிருக்கிறதா என்பதுதான். 340 உச்ச மொத்தமுள்ள தாளில் 2 புள்ளி கழித்தால் இறுதியில் 0.588 குறையும். 2 சதவீதம் கழித்தால் 6.8 புள்ளி போனதற்குச் சமம். மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம். புள்ளிக் கழிவை ஒவ்வொரு நடுவரின் மொத்தத்திலும் வகுப்பதற்கு முன்பே கழிக்க வேண்டும். சதவீதக் கழிவை வகுத்த பிறகு கழிக்க வேண்டும். வரிசையை மாற்றிப் போட்டால் விடை தப்பு.

6. ஃப்ரீஸ்டைல் தனிக் கணக்கு

ஃப்ரீஸ்டைலில் நடுவர் இரண்டு பக்கம் மதிப்பெண் போடுகிறார். ஒரு பக்கம் தொழில்நுட்பம்: கட்டாய அசைவுகளை எவ்வளவு சரியாகச் செய்தார். மறுபக்கம் கலை: தாளமும் துள்ளலும், குதிரைக்கும் ஆளுக்கும் உள்ள இசைவு, அசைவுகளைக் கோத்த விதம், கடினம், இசையும் அதற்குக் கொடுத்த வடிவமும். இரண்டையும் தனித்தனிச் சதவீதமாக்கி, இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, தொழில்நுட்பம் 70.250, கலை 76.100 என்றால் இறுதி 73.175. இரண்டு பேர் ஒரே எண்ணில் நின்றால் கலைப் பக்கம் அதிகம் பெற்றவர் முன்னால் போவார்.

7. இடமும் அணியும்: எந்தச் சுற்று சேரும், எது சேராது

ஒரு வகுப்பில் இடம் போடுவது எளிது, பெரிய சதவீதம் முதலில். அணிக்கும் தனிநபர் பதக்கத்துக்கும் வரும்போதுதான் கவனம் வேண்டும்.

அணிக் கணக்கில் சதவீதங்களைக் கூட்டுவார்கள், சராசரி எடுப்பதில்லை. ஹாங்சோவில் ஓர் அணிக்கு நால்வர், அவர்களில் சிறந்த மூவரின் எண் மட்டும் சேரும். இந்தியாவுக்கு அனுஷ் 71.088, ஹிருதய் சேடா 69.941, திவ்யகிருதி சிங் 68.176, சுதிப்தி ஹஜேலா 66.706. கடைசி எண்ணை விட்டுவிட்டு மூன்றையும் கூட்டினால் 209.205. தங்கம் அதற்குத்தான். நாலாவது எண் வீணானது என்று நினைக்க வேண்டாம். முதல் மூவரில் ஒருவர் சறுக்கியிருந்தால் அதுதான் உள்ளே வந்திருக்கும்.

அதே பட்டியலில் வெள்ளி சீனாவுக்கு 204.882, வெண்கலம் ஹாங்காங்குக்கு 204.852. வித்தியாசம் 0.030. ஒரு நடுவர், இரட்டை எடை இல்லாத ஒரே ஒரு கட்டத்தில் 6.5க்குப் பதில் 7 போட்டால் இறுதி எண் எவ்வளவு ஏறும்? 0.5ஐ 1,700ஆல் வகுங்கள்: 0.029 சதவீதம். வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் நடுவே இருந்தது ஒரே ஓர் அரை மதிப்பெண். நடுவில் சுருக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஒலிம்பிக்கில் விதி வேறு. டோக்கியோவிலிருந்து அணிக்கு மூவர், மூவருடையதும் சேரும். ஒருவர் விலக்கப்பட்டால் அந்த அணி பதக்கத்தை மறந்துவிட வேண்டியதுதான். முதலில் கிராண்ட் பிரீ, அதில் தேறிய அணிகள் (2024இல் பத்து) அதே நிலையின் இன்னொரு டெஸ்ட்டான கிராண்ட் பிரீ ஸ்பெஷலுக்குப் போகும். பதக்கம் ஸ்பெஷல் எண்ணில் மட்டும்தான் முடிவாகும். 2024இல் வெர்சாயில் ஜெர்மனி 235.790, டென்மார்க் 235.669. மூன்று சவாரிகளையும் கூட்டிய பிறகு வித்தியாசம் 0.121தான்.

தனிநபர் பதக்கம் ஃப்ரீஸ்டைல் எண்ணில் மட்டும் முடிவாகும். கிராண்ட் பிரீயில் எடுத்தது இறுதிக்குப் போகும் பதினெட்டுப் பேருக்குள் நுழைய உதவும், அவ்வளவுதான். இறுதியில் எல்லோரும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார்கள். வெர்சாயில் ஜெர்மனியின் ஜெசிக்கா ஃபான் பிரெடோ வெர்ன்டல் 90.093 எடுத்துத் தங்கம் வென்றது அந்த ஒரே சவாரியில்தான். ஹாங்சோவிலும் ஹிருதய் முந்தைய சுற்றில் 73.883 எடுத்து முதலிடத்தில் இருந்தார். அந்த எண் இறுதிக்குக் கூடவே வரவில்லை. அனுஷுக்கு வெண்கலம் கொடுத்தது இறுதிச் சுற்றின் 73.030. இரண்டு சுற்றையும் கூட்டிப் பார்த்து ‘அநியாயம்’ என்று எழுதியவர்கள் நிறையப் பேர். விதியில் அப்படிக் கூட்டலே கிடையாது.

8. ஆண்டு விருது: சராசரி வேண்டாம், இடைநிலை எடுங்கள்

ஒரு பருவம் முழுக்க ஓட்டியவர்களை வரிசைப்படுத்தும் விருதுகளுக்கு அமெரிக்க டிரெசாஜ் சம்மேளனத்தின் முறை தெளிவானது, படிக்க ஏற்றது. அங்கே பருவம் அக்டோபர் 1இல் தொடங்கி அடுத்த செப்டம்பர் 30இல் முடியும். ஆண்டின் சிறந்த குதிரை விருதுக்கு ஒரே நிலையில் (நிலை என்பது டெஸ்ட்களின் கடினப் படி) குறைந்தது எட்டு மதிப்பெண்கள் வேண்டும். அவை நான்கு வெவ்வேறு போட்டிகளில், நான்கு வெவ்வேறு நடுவர்களிடம் பெற்றவையாக இருக்க வேண்டும். ஒரே ஊரில், பழகிய நடுவர் முன்னால் மட்டும் ஓட்டி எண்ணை ஏற்றுவதைத் தடுக்கத்தான் இந்த நிபந்தனை.

அந்த மதிப்பெண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் இருப்பதை எடுக்க வேண்டும். எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் நடுவில் உள்ள இரண்டின் சராசரி.

போட்டுப் பார்ப்போம். 58.2, 61.4, 62.0, 63.1, 64.5, 65.0, 66.3, 71.8. நடுவில் இருப்பவை 63.1, 64.5. இடைநிலை 63.8. சராசரி எடுத்தால் 64.04 வரும். இப்போது 58.2 எடுத்த நாளில் குதிரை எதையோ பார்த்து மிரண்டு 49.0தான் வந்தது என்று வையுங்கள். சராசரி 62.89க்கு இறங்கிவிடும். இடைநிலை அதே 63.8இல் நிற்கும். ஒரு மோசமான நாள் ஒரு வருட உழைப்பைக் கெடுக்கக் கூடாது, ஒரு அதிர்ஷ்ட நாள் தூக்கிவிடவும் கூடாது. விலங்கோடு செய்யும் விளையாட்டுக்கு இது நியாயமான முறை என்றே நினைக்கிறேன்.

இங்கே வரும் பெரிய தவறு, சிறந்த எட்டை மட்டும் பொறுக்கிக்கொள்வது. எட்டு என்பது குறைந்தபட்சம். பதினைந்து மதிப்பெண் இருந்தால் பதினைந்தையும் அடுக்க வேண்டும். அதனால்தான் எட்டு வந்ததும் விவரம் தெரிந்தவர்கள் யோசிப்பார்கள்: இன்னும் ஓட்டினால் நடு எண் ஏறுமா, இறங்குமா?

இன்னொன்று, பதிவு. குதிரையின் பெயரும் ஆளின் உறுப்பினர் கணக்கும் சவாரிக்கு முன்பே சரியாக இருக்க வேண்டும். பருவத்தின் நடுவில் சேர்ந்துவிட்டு, முந்தைய மதிப்பெண்களையும் சேர்த்து எண்ணி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். கணக்கு சரியாக இருந்தும் பட்டியலில் பெயர் வராது.

9. சவாரியாளர் பதக்கம்: இங்கே வரிசையே இல்லை

அதே சம்மேளனம் கொடுக்கும் வெண்கல, வெள்ளி, தங்கப் பதக்கங்களைப் போட்டிப் பதக்கம் என்று நினைத்துக் குழம்புகிறார்கள். இதில் யாரையும் முந்த வேண்டியதில்லை. 60 சதவீதம் என்ற எல்லையைத் தேவையான முறை தொட்டால் பதக்கம் உங்களுக்கு.

வெண்கலத்துக்கு முதல், இரண்டாம், மூன்றாம் நிலைகளில் தலா இரண்டு மதிப்பெண். வெள்ளிக்கு நான்காம் நிலையில் இரண்டு, பிரீ சென் ஜார்ஜில் இரண்டு. தங்கத்துக்கு, பிரீ சென் ஜார்ஜுக்கும் கிராண்ட் பிரீக்கும் நடுவே உள்ள இன்டர்மீடியட்டில் இரண்டு, கிராண்ட் பிரீயில் இரண்டு. ஒவ்வோர் இரண்டும் இரண்டு வேறு நடுவர்களிடம், இரண்டு வேறு சவாரிகளில் வந்திருக்க வேண்டும். ஒரே சவாரிக்கு இரண்டு நடுவர்கள் உட்கார்ந்து இருவரும் 62 கொடுத்தாலும் அது ஒன்றாகத்தான் எண்ணப்படும்.

பருவ எல்லை இல்லை. ஒரு வருடம் ஒன்று, மூன்று வருடம் கழித்து இன்னொன்று என்று சேர்க்கலாம். குதிரையும் மாறலாம், ஏனென்றால் இந்த விருது ஆளுக்கு. போன பகுதியில் சொன்னது குதிரைக்கு. முதல் பகுதியில் எழுதி வைக்கச் சொன்ன கேள்வி இங்கேதான் வேலை செய்கிறது.

10. உலகத் தரவரிசையும் உலகக் கோப்பைப் புள்ளிகளும்

சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனத்தின் டிரெசாஜ் தரவரிசையில் இடம் பெறுவது ஜோடி. ஒரே சவாரியாளர் இரண்டு குதிரைகளோடு இரண்டு இடங்களில் வருவார், அது அச்சுப் பிழை இல்லை. குதிரையை விற்றுவிட்டால் அந்தப் புள்ளி புதிய சவாரியாளரோடு போகாது.

கடைசிப் பன்னிரண்டு மாத முடிவுகளை வைத்து இந்தப் பட்டியலைப் போடுகிறார்கள். ஒவ்வொரு மாதமும் பின்பக்கம் பழைய முடிவுகள் உதிரும். குதிரைக்குக் காயம், மூன்று மாதம் ஓய்வு என்றால் யாரும் தோற்கடிக்காமலேயே இடம் இறங்கும். இறக்கத்தைப் பார்த்ததும் ‘ஃபார்ம் போச்சு’ என்று முடிவு கட்டாமல், அந்த ஜோடி சமீபத்தில் ஓட்டியதா என்று முதலில் பாருங்கள்.

உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுகளில் சதவீதம் நேரடியாகச் சேராது, இடத்துக்குத்தான் புள்ளி. மேற்கு ஐரோப்பிய லீகில் முதலிடத்துக்கு 20, இரண்டாமிடத்துக்கு 17, மூன்றாமிடத்துக்கு 15. ஓர் ஊரில் 88 எடுத்து ஜெயித்தவருக்கும் இன்னோர் ஊரில் 78 எடுத்து ஜெயித்தவருக்கும் அதே 20தான். அதனால் யாருக்கு எந்த ஊரில் போட்டியாளர்கள் குறைவு என்பதையும் பார்த்துத்தான் பயணத் திட்டம் போடுவார்கள். இந்தப் பட்டியலையும் உலகத் தரவரிசையையும் ஒன்றாக நினைத்து எண்களைக் கலக்காதீர்கள்.

11. எண் பொருந்தவில்லை என்றால்

உங்கள் கணக்கும் பலகையும் ஒத்துப்போகவில்லையா? இந்த வரிசையில் தேடுங்கள். முதலில் பெருக்கெண். அடுத்து கழிவை எந்த இடத்தில் கழித்தீர்கள் என்று பாருங்கள். அப்புறம் டெஸ்ட் தாளின் வருடம். கடைசியாகச் சுருக்கிய தசமம். பெரும்பாலும் முதல் இரண்டிலேயே விடை கிடைத்துவிடும்.

அதற்கு மேலும் வித்தியாசம் இருந்தால் தாளின் படியை எடுத்துக்கொண்டு மதிப்பெண் மேசைக்குப் போங்கள். கூட்டல் தவறைத் திருத்திக் கொடுப்பார்கள். பிரூவெட்டுக்கு நடுவர் 6 போட்டது குறைவு என்று வாதாடினால் யாரும் கேட்கமாட்டார்கள், அது நடுவரின் தீர்ப்பு. கூட்டல் தவறைச் சொல்வதற்கும் நேர எல்லை உண்டு, முடிவு ஒட்டியதிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். அதனால் பரிசளிப்பு வரை காத்திருக்காமல், தாள் கையில் வந்த உடனே ஒருமுறை கூட்டிப் பார்த்துவிடுங்கள்.